இது யார் பிள்ளை?

கோவைக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் தொழிற்சாலை. இருபது வருடங்களுக்கு முன்பு அதற்கு நான் எழுதிக் கொடுத்த நிரல் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்திருந்தால், காலை ஷிஃப்டுக்கு ஸ்டோரிலிருந்து என்னென்ன சாமான் எடுக்க வேண்டும் என்ற பட்டியல் அச்சாகி வந்திருக்கும். ஒரு பம்ப் என்றால் அதற்குள் கேசிங், ஷாஃப்ட், இம்பெல்லர். அவற்றுக்குக் கீழே பேரிங், சீல், போல்ட், வாஷர். ‘பில் ஆஃப் மெட்டீரியல்’ என்பார்கள். மேலிருந்து கீழாகக் கிளை பிரிந்துகொண்டே போகும் மரம் அது. என் அட்டவணையில் மூன்றே பத்திகள்: பாகத்தின் எண், பெயர், அது எதற்குள் அடங்குகிறதோ அந்த ‘பேரன்ட்’டின் எண். பம்புக்குப் பேரன்ட் கிடையாது, அந்த இடம் காலி. காலியாக இருப்பது தப்பு என்று நினைத்து யாரோ அதில் சீல் கிட்டின் எண்ணைத் தட்டிவிட்டார்கள். சீல் கிட்டோ அந்தப் பம்புக்குள்தான் இருந்தது. பம்புக்குள் கிட், கிட்டுக்குள் பம்ப், மறுபடி பம்புக்குள் கிட். நிரல் வட்டம் சுற்றியது; லைன் அரை நாள் நின்றது. தட்டியவர்மேல் தப்பில்லை. அப்படித் தட்டமுடியும் என்று யோசிக்காமல் விட்டது நான்தான்.

அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஸ்டோர் கீப்பர் ஒரு கேள்வி கேட்டார். “ஏனுங்க தம்பி, பெட்டியில கெடக்கறது ஒரே போல்ட்டு. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் எதுக்குங்க அதுக்கு மூணு நெம்பரு?”

மூன்று எண் கொடுத்ததற்குக் காரணம் எளிது. அந்தப் போல்ட் மூன்று இடங்களில் பயன்பட்டது. என் அட்டவணையிலோ ஒரு பொருளுக்கு ஒரு பேரன்ட்தான் எழுத இடம் இருந்தது. அதனால் ஒரே போல்ட்டை மூன்று போல்ட்டாக்கிவிட்டேன். ஸ்டோரில் ஆயிரம் இருக்கும்போதே, என் மென்பொருள் ஓர் எண்ணின் கீழ் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லும். அவருடைய கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய சரித்திரம் ஒன்று இருப்பதும் தெரியாது.

மரம் வரைந்து உலகத்தைப் புரிந்துகொள்ளும் பழக்கம் கணினியைவிட மிகப் பழையது. மூன்றாம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவ ஆசிரியர், அரிஸ்டாட்டிலின் வகைப்பாட்டை விளக்கப்போய், இருப்பதையெல்லாம் உடலுள்ளது, உடலற்றது என்று பிரித்து, உடலுள்ளதை உயிருள்ளது, உயிரற்றது என்று பிரித்து, மனிதன்வரை இறங்கிவந்தார். ‘போர்ஃபிரியின் மரம்’ என்று ஐரோப்பியப் பள்ளிகளில் அதைப் பல நூற்றாண்டுகள் பாடமாக வைத்தார்கள். 1837-இல் டார்வின் தன் குறிப்பேட்டில் உயிர்களின் கிளைப்படம் ஒன்றைக் கிறுக்கினார். இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த அவருடைய பெரிய நூலில் இருந்த ஒரே படமும் கிளைப்படம்தான். கணிதத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஆர்தர் கேய்லி. 1857-இல், லண்டனில் வக்கீலாகப் பிழைப்பு நடத்திக்கொண்டே, ‘மரம்’ என்று பெயரிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் அத்தகைய மரங்களை எண்ணும் முறையால், ஒரு கரிமச் சேர்மத்துக்கு எத்தனை வடிவங்கள் சாத்தியம் என்று கணக்குப் பார்த்தார்.

இவையெல்லாம் தாளில் வளர்ந்த மரங்கள். தாளுக்கு நீளமும் அகலமும் உண்டு. எந்தப் பக்கமும் கிளை விடலாம். கணினியின் நினைவகத்துக்கு அந்த வசதி இல்லை. அது லைன் வீடு மாதிரி. ஒரே வரிசை, வீட்டுக்கு ஒரு கதவு எண், அவ்வளவுதான். அந்த ஒற்றை வரிசைக்குள் ஒரு மரத்தை எப்படிக் குடிவைப்பது?

பதிலை 1950-களின் நடுவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் கண்டார்கள். ஒரு வீட்டுக்குள் சாமானோடு சேர்த்து இன்னொரு வீட்டின் கதவு எண்ணையும் சீட்டில் எழுதிவைத்துவிடு என்பதுதான் அது. அடுத்த வீடு பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. சீட்டைப் பார்த்துப் போய்க்கொள்ளலாம். ஜான் மெக்கார்த்தி இதை இன்னும் சுருக்கினார். 1958-இல் எம்.ஐ.டி.யில் அவர் தொடங்கிய லிஸ்ப் மொழி ஐ.பி.எம். 704 என்ற இயந்திரத்தில் பிறந்தது. அதில் ஒரு நினைவுச் சொல்லுக்கு 36 பிட். அதற்குள் 15 பிட் அளவில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி அடங்கும். ஆக ஒரு வீட்டுக்குள் இரண்டு சீட்டுகள். இந்த இரண்டே சீட்டை வைத்து எந்த மரத்தையும் கட்டிவிடலாம் என்று மெக்கார்த்தி காட்டினார். ஒரு சீட்டு முதல் பிள்ளையைக் காட்டட்டும், மற்றது அடுத்த உடன்பிறப்பைக் காட்டட்டும். எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் இடம் பற்றாமல் போகாது. அந்த இரு பகுதிகளை எடுக்கும் கட்டளைகளுக்கு ‘கார்’, ‘குடர்’ என்று பெயர். அந்த இயந்திரத்தின் நினைவுச் சொல்லில் இருந்த பகுதிகளிலிருந்து வந்த பெயர்கள் அவை. இயந்திரம் போய்விட்டது, பெயர்கள் இன்னும் லிஸ்ப் எழுதுகிறவர்கள் வாயில் இருக்கின்றன.

மரத்தோடு கூடவே வந்தது ரீகர்ஷன். மரத்தின் ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தால் அதுவும் ஒரு மரம். அப்படியானால் மரத்தைச் சுற்றிவரும் செயல்முறையும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வதுதான் இயல்பு. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் இதை அனுமதிக்கவில்லை. லிஸ்ப் இதையே மூச்சாக வைத்துக்கொண்டது. நிரலாக்கத்தில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாலு வரிச் செயல்முறை ஒன்று, எத்தனை ஆழமான மரமாக இருந்தாலும் ஒவ்வோர் இலையையும் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்.

1965-ஆம் வருடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்த வருடம் மல்ட்டிக்ஸ் இயங்குதளத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த டேலியும் நியூமனும் கோப்புகளை மரமாக அடுக்கும் முறையை ஒரு மாநாட்டுக் கட்டுரையில் விவரித்தார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று இன்று எல்லோரும் பழகிவிட்டோமே, அதன் மூலம் அங்கேதான் இருக்கிறது. அதே வருடம் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், நகரம் என்பது மரம் அல்ல என்று ஒரு கட்டுரை எழுதினார். சண்டிகரையும் பிரேசிலியாவையும் வரைந்தவர்கள் நகரத்தை மரமாக நினைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். வீடு ஒரு கிளை, வேலை ஒரு கிளை, கடைத்தெரு ஒரு கிளை என்று பிரித்துவிட்டார்கள். உயிருள்ள ஊரிலோ எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும். கணினித் துறை மரத்தை அணைத்துக்கொண்ட அதே வருடத்தில் வேறொரு துறைக்காரர் அதைப் பற்றி எச்சரித்திருக்கிறார்.

மல்ட்டிக்ஸின் வழிவந்த யூனிக்ஸைக் கட்டிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் இந்தச் சங்கடத்தைப் புரிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். ஃபோல்டர்கள் ஒழுங்கான மரமாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆனால் கோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே கோப்பு இரண்டு ஃபோல்டர்களில் இரண்டு பெயரோடு இருக்கலாம். எது அசல், எது நகல் என்ற பேச்சே கிடையாது. இன்னொரு விஷயம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் இரண்டு புள்ளிகளால் ஆன ஒரு பெயர் உண்டு, அது பேரன்ட்டைக் காட்டும். உச்சியில் இருக்கும் ரூட்டுக்கு யார் பேரன்ட்? அதுவேதான். வேருக்குத் தாய் அதே வேர். அந்த இடத்தைக் காலியாக விடாமல் அதையே காட்டவைத்தார்கள். மேலே ஏறிப்போகிற நிரல் ரூட்டைத் தாண்டி எங்கும் விழுந்துவிடாது. என் பம்பின் காலி இடத்தை நினைக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

ஸ்டோர் கீப்பரின் கேள்விக்கு நேர் பாட்டன் நிலாப் பயணத்தில் இருக்கிறது. 1966-இல் ஐ.பி.எம். நிறுவனம், அப்பல்லோ விண்கலத்தைக் கட்டிக்கொண்டிருந்த நார்த் அமெரிக்கன் நிறுவனத்தோடும் கேட்டர்பில்லர் நிறுவனத்தோடும் சேர்ந்து, ராக்கெட்டின் உதிரி பாகக் கணக்கை வைக்க ஒரு மென்பொருளைத் தொடங்கியது. 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டௌனி நகரில் ஒரு முனையத்தில் அது தயார் என்ற செய்தி முதன்முதலாக வந்தது. ஐ.எம்.எஸ். என்று பெயர் பெற்ற அந்த மென்பொருள் இன்றும் பெரிய வங்கிகளில் ஓடுகிறது. அதில் தரவு முழுக்க முழுக்க மரம். வேரில் ஒரு பதிவு, அதன் கீழே பிள்ளைகள், அவற்றின் கீழே பேரப்பிள்ளைகள். நிரல் எழுதுபவர் ‘இந்தப் பதிவைக் கொடு’, ‘அடுத்ததைக் கொடு’, ‘இந்தப் பேரன்ட்டின் கீழ் அடுத்ததைக் கொடு’ என்று கேட்டுக் கேட்டு மரத்தில் நடக்க வேண்டும். வழி தெரிந்தவருக்கு மின்னல் வேகம். வங்கிக் கணக்கு, அதன் கீழே வரவு செலவு என்ற வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம்.

ஆனால் ஒரே பாகம் இரண்டு இடத்தில் பயன்பட்டால்? ஐ.எம்.எஸ்.ஸிலும் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பக்கவாட்டில் கயிறு கட்டும் ஏற்பாடுகளைச் சேர்க்கத்தான் வேண்டியிருந்தது.

அதே ஐ.பி.எம்.மில், சான் ஹோசேயில் இருந்த எட்கர் காட் 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் உதிரி பாகம்தான்: பாகங்கள் இருக்கின்றன, திட்டங்கள் இருக்கின்றன, எந்தத் திட்டத்துக்கு எந்தப் பாகம் எத்தனை என்ற ஒதுக்கீடும் இருக்கிறது. இதை எப்படி மரமாக அடுக்குவது? பாகத்தின் கீழே திட்டத்தை வைக்கலாம். திட்டத்தின் கீழே பாகத்தை வைக்கலாம். இப்படி ஐந்து அமைப்புகளை எழுதிக் காட்டுகிறார். பிறகு ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறார்: இன்ன திட்டத்துக்கு ஒதுக்கிய பாகங்கள் எவை, எத்தனை? ஓர் அமைப்புக்கு எழுதிய நிரல் மற்ற அமைப்புகள் எல்லாவற்றிலும் ஓடாது. உண்மை மாறவில்லை, பாகமும் திட்டமும் மாறவில்லை. யாரை யாருக்குப் பிள்ளையாக வைத்தோம் என்பது மாறியது, நிரல் செத்துவிட்டது. அப்படியானால் அந்தத் தாய்-பிள்ளை உறவு உலகத்தில் இருந்தது அல்ல, அடுக்கியவர் முடிவு செய்தது. காட் கொடுத்த மாற்று, எளிய அட்டவணைகள். பாகத்துக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று, இரண்டையும் சேர்க்கும் ஒதுக்கீட்டுக்கு ஒன்று.

இந்தக் கட்டுரையை நான் கோவைச் சம்பவத்துக்குப் பிறகுதான் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டு ஸ்டோருக்குப் போனபோது, போல்ட் பெட்டியின் முன்னால் தொங்கிய இருப்பு அட்டையை (‘பின் கார்டு’) முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். மேலே போல்ட்டின் பெயர், அளவு. பின்பக்கம் ஸ்டோர் கீப்பரின் கையெழுத்தில் மூன்று வரிகள்: எந்த அசெம்பிளிக்கு, ஒரு பம்புக்கு எத்தனை. காட் சொன்ன மூன்றாவது அட்டவணை அந்த அட்டையின் முதுகில், நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மென்பொருளை அதன்படி திருத்தி எழுதினேன்.

அட்டவணை மரத்தை ஒழித்துவிட்டது என்று மட்டும் யாரும் முடிவுகட்ட வேண்டாம். காட்டின் கட்டுரை வந்த அதே 1970-இல், போயிங் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் ‘பி-ட்ரீ’ என்ற மரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கணுவுக்கு இரண்டு பிள்ளைகள் என்றில்லாமல், நூற்றுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் அகன்ற மரம். கணுவுக்கு 200 கிளை என்று வைத்தால் மூன்று படி இறங்குவதற்குள் 80 லட்சம் இடங்களை எட்டிவிடலாம். நான்காவது படியில் 160 கோடி. வட்டிலிருந்து படிப்பது மெதுவான வேலை. மூன்று நான்கு தடவை படித்தால் போதும் என்பது பெரிய வரம். இன்று வங்கி, ரயில்வே முன்பதிவு என்று எங்கே அட்டவணைத் தரவுத்தளம் இருந்தாலும், தேடலுக்கு அடித்தளத்தில் பெரும்பாலும் இந்த மரம்தான் வேலை செய்கிறது. இந்த மரத்தில் யாருக்கும் சங்கடம் இல்லை. எண்களுக்கு இரண்டு தாய் கிடையாது. ஒரு வாக்கியத்தின் இலக்கணப் பகுப்பு, ஒரு வலைப்பக்கத்தின் பெட்டிக்குள் பெட்டி ஆகியவையும் இப்படித்தான். அங்கெல்லாம் மரத்தைத் தயங்காமல் கட்டலாம்.

சங்கடம் அறிவையும் மனிதரையும் மரமாக்கும்போது வருகிறது. அறிவைப் பற்றி இதை ஆழமாக யோசித்தவர் நம்மூர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னையில் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அப்போது உலகம் முழுக்கப் பரவியிருந்த டியூயி நூலகப் பகுப்புமுறை ஒரு மரம்: அறிவைப் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரி. புதுத் துறை ஒன்று முளைத்தால் அதை எந்தக் கிளையில் ஒட்டுவது என்று திண்டாட வேண்டியதுதான். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்ததிலிருந்து வழி பிறந்தது என்று ரங்கநாதனே சொல்லியிருக்கிறார். அதே சில துண்டுகள், எத்தனையோ வடிவங்கள். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ‘எந்தக் கிளை’ என்று கேட்கவில்லை. நூலின் பொருளை முகம் முகமாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் குறியீடு கொடுத்து, நடுவே முக்காற்புள்ளி வைத்துச் சேர்த்தது. நெற்பயிரில் வரும் நோய் என்றால் பயிர் ஒரு முகம், நோய் ஒரு முகம். இடமும் காலமும் வேண்டுமானால் பின்னால் வரும். அலமாரியில் புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். அது பருப்பொருளின் கட்டாயம். அந்தக் கட்டாயத்தைப் பொருளின்மேலும் சுமத்த வேண்டியதில்லை என்பதை எட்கர் காட்டின் கட்டுரைக்கு முப்பத்தேழு வருடம் முன்பே அவர் செய்து காட்டிவிட்டார். நம் கல்லூரிகளில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் இவர் பெயர் வருவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்த வகுப்புகளில் என்ன நடக்கிறது? மரத்தைச் சுற்றிவர மூன்று வழிகள்: இன்-ஆர்டர், ப்ரீ-ஆர்டர், போஸ்ட்-ஆர்டர். தேர்வுக்குப் பதின்மூன்று மார்க். மரம் கட்டும் நிரலும் சொல்லித்தருகிறார்கள், நல்ல நிரல்தான். முதல் சுற்றில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கணுவை உண்டாக்கி, எண்ணைச் சொன்னால் எடுத்துத் தரும் அகராதியில் போட்டுவை. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கணுவையும் அதன் பேரன்ட்டிடம் கொண்டுபோய்ச் சேர். பிள்ளை முதலில் வந்தாலும் தாய் முதலில் வந்தாலும் கவலை இல்லை. பேரன்ட் காலியாக இருந்தால் அது வேர். எல்லாம் சரி. பேரன்ட் எண் இருந்து, அந்த எண்ணில் யாரும் இல்லாவிட்டால்? நான் பார்த்த நிரல்களில் பலவும் அந்தக் கணுவைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். திரையில் அது தோன்றாது. தோன்றாத அந்த வரி ஒரு வாஷராக இருக்கலாம். ஒரு மூதாட்டியின் பென்ஷனாகவும் இருக்கலாம். அநாதைக் கணுவைத் தனியே எடுத்துக் காட்டாத நிரலுக்கு மார்க் போடக் கூடாது என்பது என் கட்சி. வட்டம் இருக்கிறதா என்று பார்க்காத நிரலுக்கும்தான். இந்த இரண்டுக்கும் முன்னால், முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிப் போட வேண்டும்: இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரே தாய் என்பது உண்மையா, நாம் விதித்ததா?

சென்ற வருடம் ஒரு கல்லூரியில் அப்படி எழுதிப்போட்டு, அவரவர் வீட்டுக் கொடிவழியை மரமாகக் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கொடிவழி என்ற நம் சொல்லே மரத்தைச் சொல்லவில்லை, கொடியைச் சொல்கிறது என்பது அப்போது எனக்கே உறைக்கவில்லை. மறுநாள் ஒரு மாணவி நிரல் நின்றுவிட்டது என்று வந்தாள். அவள் தாத்தாவுக்கு நிரல் இரண்டு விடை சொன்னது: இரண்டாம் படி, மூன்றாம் படி.

“சார், எங்கப்பா கட்டினது அவரோட சொந்த அக்கா பொண்ண.”

அப்பா வழியில் ஏறினால் அவர் தாத்தா. அம்மா வழியில் ஏறினால், அம்மாவின் அம்மாவுக்கு அப்பா, அதாவது கொள்ளுத்தாத்தா. ஒரே மனிதர். தாய்மாமனுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தது, இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எந்தப் படியில் வைப்பது என்று அவள் கேட்டாள். அவரை இரண்டாக்கிவிடவா என்றும் கேட்டாள். பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று போட்டால் நிரல் ஓடிவிடுமாம்.

பாட்டி எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். பாட்டி படியெல்லாம் சொல்வதில்லை, ‘உங்கப்பனுக்கு அப்பன், உங்காத்தாளுக்குத் தாத்தன்’ என்றுதான் சொல்வார் என்றாள். பிறகு அவளே சாக்பீஸை வாங்கி, பலகையில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள் அவர் பெயரை ஒரே தடவை எழுதி, கீழிருந்து இரண்டு கோடுகளை அதில் கொண்டுவந்து சேர்த்தாள்.